ஹாஸ்டல் வீடியோ சர்வருக்கு டிஸ்க் தேர்ந்தெடுத்த கதை

ஏப்ரல் மாதம், இரவு எட்டரை மணி. ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். "சார், எந்த வீடியோவும் ஓட மாட்டேங்குது. வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. பசங்க எல்லாம் என் ரூமுக்கு வந்துட்டாங்க." நீட் தேர்வுக்கு அப்போது பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நாமக்கல் பக்கத்தில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு பயிற்சி மையத்துக்கு சர்வர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே நடக்கும் எல்லா வகுப்பும் பதிவாகும். ஹாஸ்டலில் 400 பேர். மாலை ஏழு முதல் பத்து வரை டேப்லெட்டில் வேண்டிய பாடத்தைத் திரும்பப் பார்க்கலாம். வெளியே இருக்கும் கிளவுடுக்கு எதுவும் போகாது, வளாகத்துக்குள்ளேயே ஓடும். அந்த சர்வரைக் கட்டியதும் நான்தான், அதில் எந்த டிஸ்க்கைப் போடுவது என்று முடிவு செய்ததும் நான்தான். முடிவு தவறிப்போனது. எங்கே தவறினேன், பிறகு எப்படிச் சரி செய்தேன் என்பதை எண்களோடு எழுதி வைக்கிறேன். பள்ளிக்கோ நூலகத்துக்கோ உள்ளூர் கேபிளுக்கோ இதேபோல ஒன்றைக் கட்டுபவர்களுக்கு உதவும்.

முதலில் நான் போட்ட கணக்கு இது. ஒவ்வொரு வகுப்பும் மூன்று தரத்தில் சேமிக்கப்படுகிறது: 1080பி 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்), 720பி 1.5 எம்பிபிஎஸ், 360பி 0.5 எம்பிபிஎஸ். கரும்பலகை அசையாது, ஆசிரியர் மட்டும்தான் அசைவார். அதனால் 1080பிக்கு 3 எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும், பலகையில் எழுதிய சின்ன எழுத்தும் படிக்க முடிகிறது. மூன்றும் சேர்ந்து 5 எம்பிபிஎஸ், அதாவது ஒரு மணி நேரப் பாடத்துக்கு 2.25 ஜிபி. அந்த வருடப் பாடங்களும் சேர்ந்தால் கையிருப்பு 4,000 மணி நேரம்; 9 டிபி. அதன் பிறகு வாரத்துக்கு 30 மணி நேரம் புதிதாகச் சேரும். வருடத்துக்கு 1,500 மணி நேரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 3.4 டிபி. மூன்று வருடத்துக்கு 19 டிபி இருந்தால் சரி. 8 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு வாங்கி ரெய்டு 5இல் (நான்கும் ஒன்றாகச் சேரும், ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும்) போட்டால் 24 டிபி கிடைக்கும்.

வேகம்? 350 பேர் ஒரே நேரத்தில் 1080பி பார்த்தால் 1,050 எம்பிபிஎஸ். எட்டு பிட் ஒரு பைட்; பைட்டில் சொன்னால் நொடிக்கு 131 எம்பி. ஒரு டிஸ்க்கே நொடிக்கு 200 எம்பி தரும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நான்கு டிஸ்க். தேவையைப் போல ஆறு மடங்கு இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக வாங்கிவிட்டேன். நெட்வொர்க்குக்கு இரண்டு 1 ஜிபிபிஎஸ் போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்த்தேன். சர்வரில் 16 ஜிபி ரேம். ஜூனில் தொடங்கி மார்ச் முடியும்வரை ஒரு புகார்கூட வரவில்லை.

அன்று இரவு சர்வருக்குள் போய், டிஸ்க் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். நான்கு டிஸ்க்கும் 100 சதவீதம் பிஸி. ஆனால் நான்கும் சேர்ந்து வெளியே தருவது நொடிக்கு 35 எம்பிதான்! நொடிக்கு 800 எம்பி வரவேண்டிய இடத்தில் 35. டிஸ்க் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு டிஸ்க்கில் மட்டும் சில செக்டர்கள் (தரவு இருக்கும் சிறு பகுதிகள்) சந்தேகப் பட்டியலில் இருந்தன. அது தனிக் கதை, பின்னால் சொல்கிறேன். மற்ற மூன்றும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தன. அவையும் அதே திணறல்.

விடை அதே ஐஓஸ்டாட்டில் இன்னொரு கட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு ரீடும் சராசரியாக 128 கேபி.

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஹெட்டுக்கு (படிக்கும் முனைக்கு) கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி விநாடி. ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 8 மில்லி விநாடிக்கு மேல். ஆக, எதையாவது படிக்கத் தொடங்குவதற்கே 12.5 மில்லி விநாடி போய்விடுகிறது. அதன் பிறகு 128 கேபியைப் படிப்பதற்கு ஆவது வெறும் 0.65 மில்லி விநாடி. மளிகைக் கடைக்காரர் ஒவ்வொரு கிலோ அரிசிக்கும் குடோனுக்கு நடந்து போய்வருவது போலத்தான். நடைதான் வேலை, அளப்பது வேலையே இல்லை. நொடிக்கு 76 நடை, நடைக்கு 128 கேபி: ஒரு டிஸ்க்குக்கு 9.7 எம்பி. நான்கு டிஸ்க்குக்கு 39 எம்பி. நான் கண்ணால் பார்த்த 35க்கு இது மிகப் பக்கம். அந்த வேகத்தில் நூறு பேர் பார்க்கலாம். உட்கார்ந்திருந்தது 350 பேர்.

அப்படியானால் பத்து மாதம் எப்படி ஓடியது? அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. வீடியோக்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. சாதாரண நாட்களில் எல்லோரும் பார்ப்பது அன்று காலை நடந்த ஐந்து வகுப்புகளை. ஐந்து மணி நேரம் 1080பி என்றால் 6.75 ஜிபி. 16 ஜிபி ரேமில் அது அப்படியே உட்கார்ந்துவிடும். முதல் மாணவன் கேட்கும்போது டிஸ்க்கிலிருந்து வரும்; மற்ற 349 பேருக்கும் ரேமிலிருந்தே போய்விடும். பத்து மாதமாக டிஸ்க் வேலையே செய்யவில்லை. ஏப்ரலில் வகுப்புகள் முடிந்துவிட்டன. ஒருவன் இயற்பியலில் சுழல் இயக்கம் பார்க்கிறான், பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் போன வருடத் தாவரவியல் பார்க்கிறான், இன்னொருவள் கரிம வேதியியலில் தனக்குப் புரியாத அந்த ஒரு வகுப்பைத் தேடி எடுக்கிறாள். அந்தப் பதினைந்து நாளில் 4,000 மணி நேரத்தில் ஏறக்குறைய 2,900 மணி நேரத்தைத் தொட்டிருந்தார்கள். எல்லோருக்கும் வேறு வேறு பாடம். ரேமில் எதுவும் நிற்காது, ஒவ்வொரு கோரிக்கையும் டிஸ்க்கைத்தான் தட்டும்.

இந்த இடம் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வீடியோக்கள் உண்மையாகவே தேவைப்படுவது வருடத்தில் அந்தப் பதினைந்து நாள்தான். மற்ற நாளில் வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். நான் சர்வரை மற்ற நாட்களுக்காகக் கட்டியிருந்தேன்.

புது டிஸ்க் வாங்க நேரமில்லை. அன்றிரவே செய்யக்கூடியது ஒன்று இருந்தது. லினக்ஸ் ஒரு ஃபைலைத் தொடர்ந்து படிக்கும்போது முன்கூட்டியே எவ்வளவு எடுத்து வைப்பது என்பதற்கு ஓர் அளவு உண்டு. வழக்கமான அளவு 128 கேபி. அதை 4 எம்பியாக உயர்த்தினேன். வீடியோவை அனுப்ப நாங்கள் பயன்படுத்தும் எச்எல்எஸ் முறையில் வீடியோ ஆறு நொடித் துண்டுகளாகத்தான் போகிறது (ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவும் அதுதான்). 3 எம்பிபிஎஸ் என்றால் ஒரு துண்டு 2.25 எம்பி. பதினெட்டு நடையில் எடுத்ததை இனி ஒரே மூச்சில் எடுக்கலாம். கணக்குப்படி, ஒரு டிஸ்க்கில் முழுத் துண்டும் ஒரே இடத்தில் இருந்தால் நடைக்கு 12.5, படிக்க 11.25, மொத்தம் 24 மில்லி விநாடி. நொடிக்கு 42 துண்டு, ஒவ்வொன்றும் ஆறு நொடி ஓடும், ஆக ஒரே டிஸ்க் 250 பேருக்குத் தாங்கும். முன்பு அதே டிஸ்க் 26 பேருக்குத்தான் தாங்கியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் பத்து மடங்கு.

ஆனால் எனக்குப் பத்து மடங்கு கிடைக்கவில்லை. காரணம் ரெய்டு 5. அதில் தரவு 512 கேபி கட்டிகளாக நான்கு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கிறது. 2.25 எம்பித் துண்டு ஒன்றை எடுக்க நான்கு டிஸ்க்கின் ஹெட்டும் நடக்க வேண்டும். பெரிய ஃபைல் ஒன்றை ஒரே ஆள் படிக்க இந்த ஏற்பாடு மிக நன்றாக இருக்கும். 350 பேர் ஆளுக்கொரு இடத்தில் படிக்கும்போது, நான்கு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலையை நான்கு பேரும் சேர்ந்தே ஒவ்வொன்றாகச் செய்வதாகிவிடுகிறது. கணக்குப்படி 390 பேர் வரை போகவேண்டும், நடைமுறையில் 330ஐத் தாண்டியதும் திணறியது. சரி, தேர்வு வரைக்கும் 1080பியை நிறுத்தி 720பியை மட்டும் கொடுத்து ஓட்டினோம். பலகையின் ஓரத்தில் எழுதியது மங்கலாகத் தெரிகிறது என்று சிலர் சொன்னார்கள். சொல்லத்தான் செய்வார்கள்.

மே மாதம் தேர்வு முடிந்தது. ஜூன் வரை அவகாசம். எதை வாங்குவது என்று மறுபடி முதலிலிருந்து யோசித்தேன், இந்த முறை அந்த ஏப்ரல் இரவின் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு.

ரேமைக் கூட்டலாம் என்றார் மையத்தின் நிர்வாகி. 1080பி மட்டுமே 5.4 டிபி. 128 ஜிபி ரேம் போட்டாலும் ஒரு மூலைக்குக் காணாது. ஹார்ட் டிஸ்க்கை எட்டாகவோ பத்தாகவோ கூட்டி இரட்டைப் பிரதியாக வைக்கலாம். ஹெட் எண்ணிக்கைதான் கணக்கு என்பதால் அது வேலை செய்யும், ஆனால் அந்த அறையில் சூடும் இரைச்சலும் கரண்டும் கூடும். எல்லாவற்றையும், சுற்றும் தட்டோ நகரும் ஹெட்டோ இல்லாத எஸ்எஸ்டியில் வைக்கலாம், 19 டிபிக்கு அந்தப் பணம் மையத்திடம் இல்லை.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று படித்தேன். நெட்ஃபிளிக்ஸ் ஓப்பன் கனெக்ட் என்ற தன் வீடியோ சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் இடத்திலேயே வைக்கிறது. அவற்றில் இரண்டு ஜாதி உண்டு. நிறைய வீடியோக்களைத் தாங்கும் பெரிய கொள்ளளவுப் பெட்டி, அதிகம் பார்க்கப்படுபவற்றுக்கு ஃபிளாஷ் (எஸ்எஸ்டி) பெட்டி. நாளை எது பார்க்கப்படும் என்று கணித்து, ஆள் குறைந்த நேரத்தில் அதை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறார்கள். 2021இல் அவர்கள் ஒரே சர்வரிலிருந்து 400 ஜிபிபிஎஸ் அனுப்பிக் காட்டினார்கள். அதில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகள் 18 இருந்தன. நம் தேவை அதில் நானூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் மேல். ஆனால் யோசனை அப்படியே பொருந்துகிறது: யாரோ கேட்ட பிறகு கேஷில் (வேகமான தற்காலிக இடத்தில்) சேர்ப்பதைவிட, கேட்கப்போவதை முன்னமே வைத்துவிடுவது. ஏப்ரலில் நம் மாணவர்கள் 2,900 மணி நேரத்தைப் புரட்டியதால், தானாக நிரம்பும் சின்னக் கேஷ் எதையும் ஒரே இரவில் துடைத்துப் போட்டிருப்பார்கள்.

பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. வளாக வைஃபையில் டேப்லெட்டின் பிளேயர் கிட்டத்தட்ட எப்போதும் 1080பியைத்தான் எடுக்கிறது. 720பியும் 360பியும் பெயருக்குத்தான். இதுதான் முடிவைக் கொடுத்தது. எல்லாப் பாடங்களின் 1080பி மட்டும் எஸ்எஸ்டியில். மூன்று தரமும் சேர்ந்த முழுப் பிரதி ஹார்ட் டிஸ்க்கில். வருடத்துக்கு 2 டிபி கூடும் என்பதால் 3.84 டிபி எஸ்எஸ்டி மூன்று, மொத்தம் 11.5 டிபி. மூன்று வருடம் ஓட்டலாம்.

எஸ்எஸ்டியிலும் எந்த வகை என்பது கேள்வி. என்விஎம்இ நொடிக்கு 3,500 எம்பி தரும் என்று கடைகளில் காட்டினார்கள். ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் வரும் எஸ்எஸ்டி 550 எம்பிதான். ஆனால் நமக்கு வேண்டியது 131 எம்பி, நெட்வொர்க்கே 235 எம்பிக்கு மேல் விடாது. போர்டில் என்விஎம்இ செருக ஒரே ஒரு இடம் வேறு. சாட்டாவை முன்பக்கத் தட்டில் போட்டால் யார் வேண்டுமானாலும் உருவி மாற்றலாம். சாட்டாவே எடுத்தேன். உள்ளே க்யூஎல்சி, அதாவது ஒரு செல்லில் நான்கு பிட். அது அடிக்கடி எழுதினால் சீக்கிரம் தேயும், ஒரேயடியாக நிறைய எழுதினால் வேகமும் விழும் என்பது உண்மை. நாம் எழுதுவது வாரத்துக்கு 40 ஜிபி, மூன்றாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் தினமும் 2 ஜிபி. அதற்குத் தேய்மானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் வேலைக்கு க்யூஎல்சியைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து.

மூன்று எஸ்எஸ்டியையும் ரெய்டில் சேர்க்கவில்லை. தனித்தனி ஃபைல் சிஸ்டம். இயற்பியல் ஒன்றில், வேதியியல் ஒன்றில், தாவரவியலும் விலங்கியலும் ஒன்றில். எஸ்எஸ்டியில் ஃபைல் இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுக்கும்படி இரண்டு வரி எழுதினேன். ஓர் எஸ்எஸ்டி செத்தாலும் பாடம் நிற்காது, கொஞ்சம் மெதுவாகும். எஸ்எஸ்டியில் இருப்பது நகல்தான் என்பதால் அதற்கு ரெய்டுக்குச் செலவழிக்க மனமில்லை. நிறையச் சேமித்தது இந்த ஒரு முடிவில்தான்.

ஹார்ட் டிஸ்க் பக்கம் வருவோம். சந்தேகப் பட்டியலில் செக்டர்கள் இருந்த அந்த டிஸ்க்கை மாற்றியாக வேண்டும். 8 டிபியை நொடிக்கு 180 எம்பியில் மறுபடி நிரப்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் யாரும் பார்க்காதபோது. அந்த நேரத்தில் மீதி மூன்றில் ஒன்று போனால் எல்லாம் போகும். அதனால் ரெய்டு 6க்கு மாற முடிவு செய்தேன்: ஆறு டிஸ்க், 32 டிபி, இரண்டு செத்தாலும் பிழைக்கும். மூன்று டிஸ்க் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். "சார், இது அதே 8 டிபிதான், விலை கம்மி, எடுத்துக்குங்க" என்று ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். மாடல் எண்ணைப் போனில் தேடி டேட்டாஷீட் பார்த்தேன். எஸ்எம்ஆர் வகை. அதில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும்; கீழ் ஓட்டை மாற்ற மேல் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். படிப்பதற்குப் பரவாயில்லை, ரெய்டு மறுநிரப்பலில் மணிக்கணக்கு நாள்கணக்காகிவிடும். 2020இல் சேமிப்பகப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட சில டிஸ்க்குகளில் இது சொல்லாமல் வந்திருப்பது வெளியே தெரிந்து பெரிய பிரச்சினையானது. அட்டையில் எழுதியிருக்காது, டேட்டாஷீட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கேமராப் பதிவுக்கான டிஸ்க்கையும் அவர் காட்டினார். அது இடைவிடாமல் எழுதுவதற்குச் செய்தது, நமக்கு வேண்டியது படிப்பது. சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று டேட்டாஷீட்டில் தெளிவாகப் போட்ட சர்வர் டிஸ்க் மூன்று வாங்கினேன்.

கொண்டுவந்து மாட்டினால் மூன்றுமே சுற்றவில்லை! ஒரு சத்தமும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் செத்திருக்காது என்று யோசித்தபோதுதான் சாட்டா பவர் இணைப்பின் மூன்றாவது முள் ஞாபகம் வந்தது. 2016இல் வந்த சாட்டா 3.3இல் அந்த முள்ளை, டிஸ்க்கைத் தூரத்திலிருந்து அணைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பவர் சப்ளை அதில் எப்போதும் 3.3 வோல்ட் விடும். டிஸ்க் அதை 'அணைந்திரு' என்று எடுத்துக்கொள்ளும். அந்த முள்ளின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய கேப்டான் டேப்பை ஒட்டினேன். மூன்றும் உயிர் பெற்றன. இதற்கு அரை நாள் போனது.

மறுநிரப்பலுக்கு 15 மணி நேரம். ரெய்டு 5இலிருந்து 6க்கு மாற மூன்று நாளுக்கு மேல். அதற்குள் எஸ்எஸ்டிகள் பொறுப்பேற்றுவிட்டதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தொடங்கும் முன் கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவுகள் தனி டிஸ்க்குகளில், அலமாரியில் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அது இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

எஸ்எஸ்டிக்கு முதல்முறை நகல் எடுக்கும்போது இன்னொரு உண்மை புலப்பட்டது. நகல் நத்தையாக ஊர்ந்தது. ஒரு மணி நேரப் பாடத்தில் ஆறு நொடித் துண்டுகள் 600. 4,000 மணி நேரம், மூன்று தரம்: 72 லட்சம் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறக்க டிஸ்க் முதலில் அதன் முகவரியைத் தேடிப் போக வேண்டும், அது தனி நடை. ஏப்ரலில் 39 வரவேண்டிய இடத்தில் 35 வந்ததன் காரணமும் இதுதான். எச்எல்எஸ்ஸில் நான்காம் பதிப்பிலிருந்தே, துண்டுகளைத் தனி ஃபைலாக்காமல் ஒரே ஃபைலுக்குள் 'இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை' என்று குறிப்பிட வழியுண்டு. எல்லாவற்றையும் அப்படி மாற்றினேன். 72 லட்சம் ஃபைல் 12 ஆயிரம் ஆனது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சோதனையையும் இந்த முறை மாற்றினேன். முன்பு ஒரு பெரிய ஃபைலைப் படித்து நொடிக்கு 600 எம்பி வருகிறது என்று திருப்திப்பட்டிருந்தேன். இப்போது அந்த ஏப்ரல் இரவின் பதிவேட்டையே எடுத்து, அதே பாடங்களை, அதே வரிசையில், இரண்டு கணினிகளிலிருந்து திரும்பக் கேட்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு முறையும் ரேமில் இருப்பதைத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். 350 பேர் அளவில் எஸ்எஸ்டிகள் பத்து சதவீதம்கூட உழைக்கவில்லை. 600 பேர் அளவில் நெட்வொர்க் நிரம்பிவிட்டது, டிஸ்க் இன்னும் சும்மாதான் இருந்தது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏசி இல்லாத அறை. ஆறு டிஸ்க்கும் நெருக்கமாக இருந்ததால் மே மாதம் 54 டிகிரி போனது. முன்பக்கம் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்ட பிறகு 45இல் நிற்கிறது.

அடுத்த ஏப்ரலில் தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாளும் இரவு ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 361 பேர், எல்லோருக்கும் 1080பி. எஸ்எஸ்டியிலிருந்து ஒரு துண்டு கிளம்ப சில மில்லி விநாடிதான். இரண்டாம் மாடி மேற்கு மூலையில் மட்டும் நாலைந்து பேருக்கு வட்டம் சுற்றியது. அங்கே ஒரே வைஃபை பெட்டியில் 60 பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையே எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த மூலைக்கு இன்னொரு கேபிள் இழுத்தோம்.